பட்டிக்கும் ஜெபமா?

"நாயோ பூனையோ காட்டும் அன்பைக் கடவுள் தந்த ஆசீர்வாதம் என்று சொல்வது மிகையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள், அதுதானே? சிரிக்காத வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வராது.

மிகை இல்லை. ஆனால் அதன் கண்ணைப் பார்த்தால் தெய்வம் தெரிகிறது என்கிற பேச்செல்லாம் எனக்கு ஒட்டாது. எங்கள் கைசர் நாட்டு நாய் (எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டி), சந்தையில் கிடந்த குட்டி. கொஞ்சப் போனால் எழுந்து போய்விடும்.

கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது. அப்பாவே பால் வெட்டுவார். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும், அதனால் விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அந்த இருட்டில் பாம்பு கிடக்கும், பன்றி வரும். கைசர் முன்னால் போகும், அப்பா பின்னால். கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு கட்டன் சாயா (பால் விடாத டீ), கைசருக்கு பிஸ்கட்.

அம்மா இறந்ததும் அப்பா படுத்துவிட்டார். நோய் ஒன்றும் இல்லை, எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். சபையிலிருந்து வந்து பாட்டுப் பாடினார்கள், வசனம் வாசித்தார்கள். நானும் தம்பியும் மாறி மாறிப் பேசிப் பார்த்தோம். "பொறவு பாக்கலாம் மக்களே" என்பார். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது.

கைசருக்கு இந்தத் துக்கக் கணக்கெல்லாம் தெரியாது. வெட்டு நேரம் ஆனதும் அடுக்களை வாசலில் வந்து கதவைப் பிறாண்டும். திட்டினால் ஓடும், திரும்ப வரும். மறுநாளும் அதே கூத்து. ஒரு நாள் சத்தம் பொறுக்காமல் அப்பா எழுந்து கதவைத் திறந்தார். திறந்தவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். சாயா குடித்துவிட்டு, கத்தி எங்கே என்று என்னிடம் கேட்டார்.

"அது பிஸ்கட்டுக்குத்தான் பிறாண்டிச்சு" என்று தம்பி இன்றும் சொல்வான். இருக்கட்டுமே. நாங்கள் எல்லாரும் அவருக்கு எதையாவது கொடுக்கப் பார்த்தோம். அது அவரிடம் கேட்டது. தன்னிடம் கேட்க ஓர் உயிர் வாசலில் நிற்கிறது என்பதுதான் அவரை எழுப்பியது. நான் ஆசீர்வாதம் என்று சொல்வது இதை.

உடனே ரேபிஸ், தெருநாய் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி போட்டோம், அப்புறம் வருடா வருடம் போடுகிறோம். ஊசி போடாத நாயைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிட்டு ஆன்மிகம் பேசுகிறவர்கள் மேல் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரிக்கப் போகாதீர்கள்.

அந்தக் கைசரின் பின்னங்காலைத்தான் ஒரு கல் லாரி ஒடித்துப் போட்டது. நம் மாவட்டத்து மலையை உடைத்துக் கேரளாவுக்கு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடுகிற லாரிகள்தான்.

கால் ஒடிந்த அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா கைசர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வந்திருந்த மாமா சிரித்துவிட்டார். "பட்டிக்கும் ஜெபமா? நாய்கள் புறம்பே இருக்கும்னு பைபிள்ல வெளிப்படுத்தின விசேஷத்திலயே எழுதியிருக்கு" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. நான்தான் நீதிமொழிகள் 12:10 எடுத்து வாசித்தேன்: நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான். மாமா, அது உழவு மாட்டைச் சொன்னது என்றார்.

அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டுப் பெண், கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை. அம்மாவின் பழைய பைபிளில் தோபித்து என்று ஒரு நூல் உண்டு. அதில் தோபியா வானதூதரோடு பயணம் போகும்போது ஒரு நாயும் கூடப் போகிறது. அது ஒரு அற்புதமும் செய்வதில்லை. கூடப் போகிறது, கூடவே திரும்பி வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, எங்கள் தருமர் நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கே வரமாட்டேன் என்று நின்றவராக்கும் என்றார்.

தோபித்தையும் மாமாவுக்கு எடுத்துக் காட்டினேன். "அது ஆர்.சி.காரங்க பைபிள்ல உள்ளது, நம்மதுல கிடையாது" என்று முடித்துவிட்டார். ஆகவே உங்கள் வீட்டில் சிரிக்கிறவரோடு வசனச் சண்டைக்குப் போகாதீர்கள், ஜெயிக்க முடியாது. அப்பா பாட்டுக்கு இப்போதும் பெயர் சொல்லித்தான் ஜெபிக்கிறார். கைசர் நொண்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போகிறது. இப்போது அப்பா முன்னால் போகிறார்.