பூச்சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது 28 செ.மீ. உயரப் பூச்சாடி ஒன்று கிடைத்தது. மேலே பச்சையும் நீலமும் கலந்த பளபளப்பு, கீழே பழுப்பு. உடம்பு முழுக்க மயிரிழை விரிசல். அடியில் எழுத்து எதுவும் இல்லை. விரிசலைப் பார்த்தாலே 150 வருஷப் பொருள் என்று தெரிகிறது என்கிறார் மாமனார். எப்படி உறுதி செய்வது?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: விரிசலை வைத்து வயதைச் சொல்ல முடியாது. மண் உடம்பும் அதன் மேலுள்ள கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சும் சூளையிலிருந்து ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். கிளேஸ் கூடுதலாகச் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கும். சூளையிலிருந்து இறக்கிய அன்றே 'டிங், டிங்' என்று வெடிக்கும் சாடிகளும் உண்டு. புதுச் சாடியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து விரிசலில் கறை ஏற்றுவது சுலபம். உண்மையான கறை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். உள்ளே தண்ணீர் நின்ற மட்டம், கைபட்ட தோள், வாய் விளிம்பு ஆகிய இடங்களில் கூடுதலாகத் தெரியும். எங்கும் ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாடியின் அழகான பக்கத்தை மறந்துவிட்டு அடியைப் பாருங்கள். மடித்த துண்டின் மேல், கழுத்தையோ கைப்பிடியையோ பிடிக்காமல், வயிற்றுப் பகுதியைத் தாங்கிக் கவிழ்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும்.

முதலில் மண். நாம் பளபளப்பது எல்லாவற்றையும் பீங்கான் என்று சொல்லிவிடுகிறோம். வயதும் ஊரும் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்த ஒரு சொல்லை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அடிவளையத்தில் கிளேஸ் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டால் அது ஏறத்தாழ 1,000 முதல் 1,150 டிகிரி செல்சியஸில் சுட்ட சாதாரண மண். சொட்டு அப்படியே நின்றால், 1,200 டிகிரிக்கு மேல் சுட்டுக் கல்போல் இறுகிய ஸ்டோன்வேர், அல்லது வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைப் பீங்கானான போர்சலின். இருட்டறையில் செல்போன் விளக்கை உள்ளே விட்டு, சுவர் வழியே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் போர்சலின். விரல் நகத்தால் சுண்டினால் மண்சாடி மந்தமாகவும் மற்றவை மணிபோலவும் ஒலிக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ஒலி மந்தமாகிவிடும். ஆகவே ஒலியை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது வனைந்த விதம். கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். சுருள் சுருளாக மேடு தட்டுப்பட்டால் சக்கரத்தில் வனைந்தது. எதிரெதிரே இரண்டு செங்குத்துத் தையல் கோடு தெரிந்தால் அச்சில் செய்தது. வெளியே புடைத்த பூவுக்கு நேராக உள்ளே குழிவு இருந்தால், கூழ்மண்ணை அச்சில் ஊற்றி எடுத்தது. அச்சு என்றால் புதுசு என்று அர்த்தமில்லை. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்த முறையைக் கையாண்டன.

மூன்றாவதாகத் தேய்மானம். இதைத்தான் போலி செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பல வருஷம் அலமாரியில் நகர்த்தி வைத்த சாடியில், அடிவளையத்தின் மேடான புள்ளிகள் மட்டும் வழவழப்பாகியிருக்கும். கீறல்கள் நாலா திசையிலும் ஓடும். உப்புத்தாளில் தேய்த்ததென்றால் எல்லாக் கீறலும் ஒரே திசையில் வரிசையாக இருக்கும். ஈரத்துணியில் 'பழைய அழுக்கு' பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது பூசிய சேறோ ஷூ பாலீஷோதான். கிளேஸின் பளபளப்பும் கைபடும் தோளில் மங்கி, கைபடாத இடுக்கில் பளிச்சென்று இருக்க வேண்டும். இடுக்கிலும் ஒரே சீராக மங்கியிருந்தால் அமிலம் தடவியிருக்கலாம். உள்ளங்கால் பகுதியில் மூன்று சிறு தழும்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சூளையில் சாடியை முக்காலி போன்ற தாங்கியில் நிறுத்திச் சுட்ட அடையாளம் அது.

இப்போது பிறந்த ஊர். மண் சிவப்பாக இருந்து, விளிம்பில் உடைந்த இடத்தில் கிளேஸுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளைக் களிமண் பூச்சு ஒன்று தெரிந்தால், நீங்கள் சொல்லும் நிறங்களோடு சேர்த்து முதலில் நினைக்க வேண்டியது சிந்துப் பகுதியின் ஹாலா ஊர்ச் சாடிகளையும், அந்தக் குயவர் மரபைத் தொட்டு மும்பையிலேயே உருவானவற்றையும்தான். 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளியில் அங்கே ஆசிரியராக இருந்த ஜார்ஜ் டெர்ரியின் முயற்சியால் 1870-களில் மண்பாண்டப் பட்டறை வளர்ந்தது. அஜந்தா ஓவியங்களை அதே பள்ளியின் ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸும் மாணவர்களும் 1872 முதல் நகலெடுத்தார்கள். அந்த உருவங்கள் சாடிகளிலும் ஏறின. பள்ளியின் பெயர் அடியில் கீறப்பட்ட சாடிகளும் உண்டு, குறியே இல்லாதவையும் உண்டு. நம் பக்கத்து வேலூர் மாவட்டக் கரிகிரியிலும் பச்சை, நீலக் கிளேஸ் பாண்டங்கள் செய்தார்கள் என்பதால், குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் மாமனாரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பைகுல்லாவில் உள்ள டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தில் கலைப்பள்ளிச் சாடிகள் இருக்கின்றன. உங்கள் சாடியின் அடி, வாய், உடைந்த விளிம்பு மூன்றையும் படமெடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். மும்பைப் பள்ளிச் சாடி என்றே வைத்துக்கொண்டாலும், 150 என்பது அதன் மேல் எல்லை. குறி இல்லாத சாடிக்கு '19-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்' என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்வது நேர்மையாகாது.

கேள்வி: சோர் பஜாரில் நீலப்பூச் சாடி ஒன்று பார்த்தேன். அடியில் ஆறு சீன எழுத்து. காங்ஷி மன்னர் காலத்து முத்திரை, 300 வருஷம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
— வாசகர், செம்பூர்

பதில்: முத்திரையில் இருப்பது காங்ஷி பெயராகவே இருக்கலாம். அவர் ஆண்ட காலம் 1662 முதல் 1722 வரை. ஆனால் முன்னோர் மேலுள்ள மரியாதையால் பிற்காலச் சீனக் குயவர்களும் அந்தப் பெயரை எழுதினார்கள். குறிப்பாகக் குவாங்ஷு காலத்தில், அதாவது 1875 முதல் 1908 வரை, ஏராளமாக எழுதினார்கள். இன்றும் எழுதுகிறார்கள். ஆகவே முத்திரையைக் கடைசியில் படியுங்கள். அதற்கு முன் வளையத்தின் மண், தேய்மானம், நீலத்தின் ஆழம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபோர்ட்டில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயத்தில் டாடா சகோதரர்கள் சேகரித்த சீன, ஜப்பானியப் பாண்டங்கள் இருக்கின்றன. வாங்கும் முன் ஒரு மணி நேரம் அங்கே நின்று கண்ணைப் பழக்குங்கள்.

ஆங்கில எழுத்து இருந்தால் வேலை சுலபம். அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே வெறுமனே 'சைனா', 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேட் இன்' சேர்ந்திருந்தால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டு. ஜப்பானின் இன்னொரு பெயரான 'நிப்பான்' இருந்தால் 1891–1921, 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1952 வரை. ஆங்கிலேயச் சாடியில் சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842–1883 காலத்தில் பதிவானது. வடிவமைப்பு பதிவான ஆண்டும் சாடி சுட்ட ஆண்டும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: ஜெய்ப்பூர் நீலச் சாடியில் பூ வைத்தேன். ஒரு வாரத்தில் அடி ஊறிப் போய்விட்டது. போலியா?
— வாசகி, டோம்பிவிலி

பதில்: போலி இல்லை. அது களிமண்ணே அல்ல. குவார்ட்ஸ் கல்தூள், கண்ணாடித்தூள், முல்தானி மட்டி, பிசின் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வைத்து, 800 டிகிரியையொட்டிக் குறைந்த சூட்டில் சுடுவது. உடம்பில் துளைகள் உண்டு, ஆகவே தண்ணீர் ஊடுருவும். உலர்ந்த பூவுக்கு மட்டும் வையுங்கள், அல்லது உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கிவிடுங்கள். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 1960-களில் கிருபால் சிங் ஷெகாவத் புதுப்பித்த மரபைச் சேர்ந்தவை.

கேள்வி: பழைய சாடியை ப்ளீச்சில் ஊறவைத்தால் கறை போகுமா? மகனிடம் வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?
— வாசகர், முலுண்ட்

பதில்: ப்ளீச் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு விரிசல் வழியே மண்ணுக்குள் போய், காயும்போது படிகமாகி, கிளேஸை உள்ளிருந்து தள்ளி உரித்துவிடும். ஊறவைப்பதும் தவறு. பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, ஓரிரு சொட்டு மென்சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். நிழலில் ஒரு வாரம் உலரட்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதல் நாள் விடுங்கள். உலோக ஆணி அடித்து ஒட்டிய பழைய பழுது இருந்தால் பிடுங்க வேண்டாம். அதுவும் சாடியின் வயதுக்கு ஒரு சாட்சி. பழைய கிளேஸில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஊறுகாயோ புளியோ அதில் போடாதீர்கள்.

அனுப்புவது பற்றி: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயது 100-க்குக் குறைவு என்று தோன்றினாலும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே பெட்டியில் வையுங்கள்.