கறிவேப்பிலைப் புழுக்களும் உங்கள் மகளும்

வணக்கம் சகோதரி. ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் கறிவேப்பிலைச் செடியின் புழுக்களைப் புட்டியில் வளர்ப்பதையும், அதற்காக மாமியார் அவளைத் தினமும் திட்டுவதையும், அவை கடிக்குமோ என்ற உங்கள் அச்சத்தையும் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் விவரித்தபடி சிறியவை பறவை எச்சம் போலவும் வளர்ந்தவை பச்சையாகவும் இருந்தால், அவை எலுமிச்சை அழகி போன்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்களாகவே இருக்கும்; எச்சம் போன்ற அந்தத் தோற்றம் பறவைகளை ஏமாற்றுவதற்கானது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நெடி பரப்பும், மிரட்டல் அவ்வளவுதான்; கடிக்காது, அரிப்பும் வராது. முருங்கைக் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடிக்கும் என்பதால், மயிருள்ளவற்றைத் தொட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள்.

குழம்புக்கு இலை இல்லாமல் போகிறதே என்ற மாமியாரின் வருத்தம் நியாயமானது; ஆகவே மகளுக்கென ஒரு தொட்டிச்செடியை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் விருந்தினர் முன்னிலையில் அவர் மகளைப் 'புழுக்காரி' என்று கேலி செய்வதை நீங்கள்தான் தடுத்து நிறுத்த வேண்டும். (தமிழ்நாடு அரசே 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்ததை உறவினர்களிடம் சொல்லலாம்.)

புட்டியின் வாயை வலைத்துணியால் கட்டி, மருந்தடிக்காத இலைகளை நாள்தோறும் மாற்றச் சொல்லுங்கள். புழு பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும் என்பதால் உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்; வெளிவரும் பட்டாம்பூச்சி சிறகு விரித்து உலர்த்தவும் அந்தக் குச்சியைச் சுற்றிப் போதிய இடம் வேண்டும்.