பூனைக்கு உல்லன் பந்து கொடுக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் வெண்பட்டு வேட்டி நெய்கிறோம். நான்கு மாதப் பூனைக்குட்டி ஒன்று தறிக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. கீழே விழும் ஊடை நூலைக் கவ்விக்கொண்டு வீடெல்லாம் ஓடும். நூலை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என் மாமியாரோ, "இத்தனை வருஷமா பூனை வளர்க்கறோம், நூல்ல விளையாடாத பூனை உண்டா?" என்கிறார். யார் சொல்வது சரி டாக்டரம்மா?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி தங்கச்சி. குட்டி உங்கள் விரலை நக்கும்போது கவனியுங்கள், நாக்கு சொரசொரவென்று இருக்கும். அதிலுள்ள சின்னஞ்சிறு முட்கள் எல்லாமே தொண்டைப் பக்கமாக வளைந்தவை. முடியைச் சீவிக்கொள்ளவும் எலும்பில் ஒட்டிய கறியை வழித்தெடுக்கவும் உதவுகிற முட்கள் அவை. நூல் அதில் மாட்டிவிட்டால் பூனை துப்ப நினைத்தாலும் முடியாது. நாக்கை அசைக்க அசைக்க உள்ளேதான் போகும்.

அதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ இரைப்பையிலோ சிக்கி நின்றுவிடும். மறுமுனை குடலில் இறங்கும். குடல் அதைக் கீழே தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொண்டு வருமே, அப்படிக் குடல் நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும். இறுகிய நூல் கடைசியில் குடலின் சுவரையே அறுத்துவிடும். வயிற்றைத் திறந்து, குடலையும் ஓரிரண்டு இடத்தில் திறந்துதான் எடுக்க வேண்டிவரும். பட்டு நூலும் சரிகையும் மெல்லியவை, சுலபத்தில் அறாதவை. அதனால் அவற்றைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்.

மாமியார் சொல்வதும் பொய் இல்லை. நூலோடு விளையாடிய பூனைகள் எல்லாமே சாவதில்லை. ஆனால் இரண்டு நாள் எதுவும் தின்னாமல் பரண் மேல் சுருண்டு கிடந்து செத்துப்போன பூனைக்கு அந்தக் காலத்தில் யார் காரணம் தேடினார்கள்? அரசுப் பணியில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மிகவும் முற்றிய பிறகே வருவார்கள்.

அடிக்கடி வாந்தி, தீனியை மோந்துவிட்டுத் திரும்பிப்போவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது, இருட்டு மூலையில் ஒளிவது - இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுப்பதுதான் குடலை அறுக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தறி வீட்டில் நூலே இல்லாமல் செய்ய முடியாது. ஊடை நூல் சுற்றிய தார்க் கட்டைகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கழிவு நூலைத் தரையில் விடாமல் ஒரு தகர டின்னில் போட்டு மூடுங்கள். நெய்கிற நேரத்தில் குட்டி வேறு அறையில் இருக்கட்டும். இன்னொன்று, எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தலையிலிருந்து எடுத்த வாடிய மல்லிகைச் சரத்தை அப்படியே போடாதீர்கள். பூக்கட்டிய நூலும் வாழைநாரும் இதே வேலையைத்தான் செய்யும். கறி வாங்கி வந்த பையைக் கட்டிய நூலில் கறி வாசனையும் இருக்கும், பூனை விடவே விடாது.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் உல்லன் நூலில் கைப்பை, தொட்டில் பொம்மை எல்லாம் பின்னி விற்கிறோம். இப்போது பூனை பொம்மை வேண்டும் என்று ஆர்டர் வருகிறது. நூலே ஆபத்து என்றால் பின்னியதும் ஆபத்துதானா?
- குழு உறுப்பினர், ஓமலூர்

பதில்: தனி நூலாக இருக்கும்வரைதான் ஆபத்து. இறுக்கிப் பின்னி, முனைகள் எல்லாம் உள்ளே போய், பூனையின் வாய்க்குள் அடங்காத அளவில் இருந்தால் அது நல்ல பொம்மை. நானும் ஓய்வுக்குப் பிறகு தினமும் குரோஷே ஊசியும் (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) கையுமாகத்தான் இருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலி, மீன் என்றெல்லாம் போகுமுன் பந்தில் தொடங்குங்கள். அந்த நூலுக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியைவிட ஓர் அளவு சின்ன ஊசியை எடுங்கள், அப்போதுதான் கண்ணிகள் நெருக்கமாக விழும். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகி மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) 6 சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைக் கண்ணி). அடுத்தடுத்த சுற்றுகளில் 12, 18, 24, 30. பிறகு கூட்டாமல் குறைக்காமல் 30 வைத்தே ஆறு சுற்று. அதன்பின் 24, 18 என்று குறைத்து, அங்கே நிறுத்திப் பஞ்சை அடைத்துவிட்டு, 12, 6 என்று முடியுங்கள். நடுத்தரக் கனமுள்ள நூலில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குறுக்களவில் பந்து வரும். அதைவிடச் சிறிதாக வேண்டாம்.

முடிக்கும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு முழம் நூல் விட்டு வெட்டி, கடைசி ஆறு கண்ணியிலும் கோத்து இழுத்து இறுக்குங்கள். பிறகு அதே நூலைத் தையல் ஊசியால் பந்தின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுங்கள். திரும்ப வேறு திசையில் விடுங்கள். இப்படி நாலைந்து முறை குறுக்கும் நெடுக்கும் ஓட்டிவிட்டு ஒட்ட நறுக்கினால் முனை உள்ளே போய் மறைந்துவிடும். வெளியே முடிச்சுப் போட்டு விட்டால் பூனை அதைத்தான் முதலில் கடிக்கும்.

பஞ்சை நேராக அடைக்காதீர்கள். பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்து, அதில் இலவம் பஞ்சை நிரப்பி, வாயைத் தைத்து உள்ளே வையுங்கள். மேலே பின்னல் கிழிந்தாலும் பஞ்சு வெளியே வராது. தெர்மாகோல் மணி வேண்டாம்.

எலி செய்தால் கண்ணுக்குப் பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் வைக்காதீர்கள். கறுப்பு நூலில் எம்பிராய்டரி போட்டால் போதும். வாலுக்கு நூலைத் தொங்கவிடாமல், விரல் நீளத்துக்குக் கனமாகப் பின்னியே சேர்த்துவிடுங்கள். குஞ்சலம் கட்டாதீர்கள், இழை இழையாக உருவும். பாம்பாம் பந்து பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பூனைக்கு அது ஒத்துவராது, அதுவும் வெட்டிய நூல் துண்டுகளின் கட்டுதானே.

விற்கும் முன் ஒவ்வொரு பொம்மையையும் குரோஷே ஊசியின் கொக்கியாலேயே மேலெல்லாம் கீறிப் பாருங்கள். எங்காவது கண்ணி வெளியே வந்தால் பூனையின் நகத்துக்கும் அது வரும். அதைப் பிரித்து மறுபடி பின்னுங்கள். வெள்ளைத் துணியில் ஈரமாகத் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள். "இழை பிரிந்தால் உடனே எடுத்துவிடவும்" என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. சொல்லவேண்டியது நாம்தான்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பாட்டி காலத்து ஸ்வெட்டர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பூச்சி அரித்துப் போட முடியாமல் ஆகிவிட்டன. பிரித்து எங்கள் மூன்று பூனைகளுக்கும் பந்து செய்யலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் மோந்து பாருங்கள். அந்துருண்டை வாடை வருகிறதா? வந்தால் அந்த நூல் பூனைப் பக்கமே போகக்கூடாது. அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் பூனைக்கு நஞ்சு. நம் உடல் முறித்து வெளியேற்றிவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. பொம்மை என்றால் கடிக்கும், நக்கும், சில பூனைகள் அதன்மேல் படுத்துத் தூங்கும். மலைக் குளிருக்குக் கம்பளி வைக்கும் வீடுகளில் அந்துருண்டை இல்லாத பெட்டி அபூர்வம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். உருண்டைகளையே பூனைகள் உருட்டி விளையாடுவதும் உண்டு, பெட்டியைப் பூட்டியே வையுங்கள்.

வாடை இல்லையென்றால் உங்களிடம் இருப்பது அருமையான பொருள். அசல் கம்பளியா என்று தெரிந்துகொள்ள ஓர் இழையைக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றால் அக்ரிலிக். அசல் கம்பளியைப் பின்னவே வேண்டாம். இறுக்கமாக, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகச் சுற்றி, முனையை ஊசியால் உள்ளே செருகி, பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டுங்கள். நல்ல சூடான நீரில் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துத் துவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுடும். கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முழுப் பந்தும் ஒரே கட்டியாகிவிடும். முழுக்கக் காய்ந்த பின் நகத்தால் நெருடிப் பாருங்கள். இழை தனியாக எழும்பினால் மறுபடி துவையுங்கள். எழும்பாத பந்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். உருவுவதற்குத் தனி நூல் என்று அதில் ஒன்றுமே இருக்காது. என்னைக் கேட்டால் பூனைக்குக் கம்பளியில் செய்யக்கூடிய பொம்மைகளில் முதலிடம் இதற்குத்தான். அக்ரிலிக்கில் இது வராது.

மூன்றில் ஏதாவது ஒரு பூனை கம்பளியைச் சப்பிச் சப்பி மென்று தின்கிறதா என்றும் கவனியுங்கள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரிந்த குட்டிகளிடமும் சயாமீஸ் வகைப் பூனைகளிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அப்படி இருந்தால் அதற்குக் கம்பளி எந்த வடிவிலும் கூடாது.

கேள்வி: நாங்கள் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறோம். மிச்சப்படும் சலங்கை மணிகளைப் பூனை பந்தில் தைக்கலாமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வெளியே தைக்காதீர்கள், கடித்துப் பிடுங்கி விழுங்கிவிடும். ஒன்றிரண்டை மட்டும் துணிப்பையில் தைத்துப் பஞ்சின் நடுவில் வையுங்கள். நம் காதுக்குச் சத்தம் மங்கிக் கேட்டாலும் அதற்கு நன்றாகவே கேட்கும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 60,000-த்தையும் தாண்டும்.

கேள்வி: டாக்டர் பாட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா சிவப்பு உல்லனில் பந்து பின்னித் தந்தார். எங்கள் பூனை முதல் நாள் விளையாடியது. இப்போது பக்கத்தில் வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிடிக்கவில்லையா?
- மாணவி, சங்ககிரி

பதில்: பிடிக்காமல் இல்லை கண்ணு. அசையாமல் கிடப்பதைப் பூனை இரையாக நினைக்காது. அதை எலியாக்குவது உன் வேலை!

அம்மாவிடம் சொல்லி ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் பழைய பருத்திச் சேலைக் கிழிசலை, இரண்டு விரல் அகலப் பட்டையாக, கட்டிக்கொள். பட்டையின் மறுமுனையைப் பந்தோடு சேர்த்து அழுத்தமாகத் தைத்துவிடச் சொல். இனி பந்தைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதே. ஒரு அடிக்கும் கிட்டே இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. தன்னை நோக்கி ஓடிவரும் எலியும் உலகத்தில் கிடையாது. பூனையை விட்டு விலகிப் போகிற மாதிரி தரையோடு இழு. கட்டிலுக்குப் பின்னால் பாதி மறையட்டும். அங்கே நிறுத்து. லேசாக ஒரு துடிப்பு. பூனை உடம்பைத் தாழ்த்திப் பின்பக்கத்தை ஆட்டுகிறதா? பாயப்போகிறது! பாய்ந்ததும் பிடிக்க விடு. ஒவ்வொரு தடவையும் பறித்துக்கொண்டால் அதற்கு வெறுத்துவிடும்.

பத்து நிமிஷம் போதும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. அந்த இரண்டு வேளையிலும்தான் அதற்கு வேட்டைக் குணம் அதிகம். முடிந்ததும் அதன் சோற்றை வை. வேட்டையாடி, தின்று, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவதுதான் அதன் இயல்பான வரிசை. விளையாடி முடித்த குச்சியைக் கதவுள்ள அலமாரியில் வைத்துவிட வேண்டும். நீ இல்லாதபோது பூனையோடு அதைத் தனியாக விடக்கூடாது. அடுத்த பந்தை நீலத்திலோ மஞ்சளிலோ பின்னச் சொல். சிவப்பு அதன் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். இரண்டு மூன்று பொம்மை இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்று.

உன் கையையும் கால் விரலையும் காட்டி மட்டும் விளையாட்டுக் காட்டாதே கண்ணு, பிறகு கடிக்கும் பழக்கம் போகாது.

கேள்வி: வெளிநாட்டில் கேட்னிப் என்ற மூலிகையைப் பொம்மைக்குள் வைக்கிறார்களாம். இங்கே எதை வைப்பது?
- வாசகர், ஆத்தூர்

பதில்: உங்கள் வீட்டு வாசலிலேயே முளைத்துக் கிடக்கும் குப்பைமேனிதான். அதை வேரோடு பிடுங்கினால் எங்கிருந்தோ பூனை வந்து புரளுவதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர் உண்டு. வேரை மட்டும் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஒரு சுண்டுவிரல் நீளத் துண்டைத் துணியில் வைத்துத் தைத்துப் பந்தின் நடுவில் வையுங்கள். நாளாக ஆக வாசனை போய்விடும், வேரை மாற்றிக்கொள்ளலாம். இலையை உள்ளே போடாதீர்கள், அதன் சாறு வாந்தியெடுக்க வைக்கும். பூச்சி மருந்து அடித்த வயல் வரப்பிலிருந்தும் பிடுங்காதீர்கள். எல்லாப் பூனையும் இதற்கு மயங்காது, சின்னக் குட்டிகள் கண்டுகொள்ளவே மாட்டா. வாசனைக்கு யூகலிப்டஸ் தைலமோ வேறு வாசனை எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட விடவேண்டாம். அந்துருண்டைக்குச் சொன்ன அதே காரணம்தான் இதற்கும்.