எல்இடி டைமர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டி புரோகிராமிங் போர்டின் ஒரு பின்னில் (வயர் செருகும் முனையில்) எத்தனை எல்இடி போடலாம்?

ப: ஒன்று. பின்னுக்கு 20 மில்லிஆம்பியருக்குள் நிறுத்துங்கள். சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் 40 என்று இருப்பது தாண்டக் கூடாத எல்லை, தினமும் ஓட்டுவதற்கான அளவு இல்லை. சிப் முழுவதற்கும் சேர்த்தே 200தான்.

கே: ரெசிஸ்டர் இல்லாமலே எரிகிறதே, கட்டாயமா?

ப: கட்டாயம். இன்றைக்கு எரிகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது, எல்இடியோடு பின்னும் சேர்ந்து போகும். 5 வோல்ட்டுக்கு 220 அல்லது 330 ஓம், எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

கே: மாலை 6 மணிக்கு எரிந்து 10 மணிக்கு அணைய, டிலே (இத்தனை நேரம் காத்திரு என்ற கட்டளை) போட்டு எழுதினேன். நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போகிறது.

ப: போகத்தான் செய்யும். ஊனோவில் அந்தச் சிப்புக்கு நேரத் துடிப்பு கொடுப்பது செராமிக் ரெசனேட்டர், அரை சதவீதம் வரை பிசகலாம், அதாவது மோசமான நிலையில் நாளுக்கு 7 நிமிஷம். கரண்ட் போய் வந்தால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் வாங்குங்கள், வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பிசகினால் அதிகம். அந்த மலிவு மாட்யூல்களில் சார்ஜிங் சர்க்யூட் உண்டு, சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032 செல்லைப் போடுவதானால் டையோடுக்குப் பக்கத்தில் இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரை முதலில் கழற்றிவிடுங்கள்.

கே: கொலுப் படிக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 5 மீட்டர். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (சின்ன சிக்னலால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு ஆர்டுயினோவில் இணைத்தேன். வெளிச்சம் மங்கல், மாஸ்ஃபெட்டில் கை வைக்க முடியவில்லை. டூப்ளிகேட்டா?

ப: ஒரிஜினலாகவே இருக்கலாம், இந்த வேலைக்கு அது ஆகாது. எத்தனை வீடியோவில் இதையே மாட்டிக் காட்டுகிறார்கள், கடையிலும் கேட்டவுடன் இதையே எடுத்து நீட்டுகிறார்கள், கடைசியில் வாங்கியவர் தன் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டேட்டாஷீட்டில் கேட் த்ரெஷோல்ட் (கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் எத்தனை வோல்ட்டில் திறக்கத் தொடங்கும் என்பது) 2 முதல் 4 வோல்ட் என்று இருக்கும், அதைப் பார்த்து 5 வோல்ட் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே வரியில் பக்கத்தில் பாருங்கள், அந்த வோல்ட்டில் ஓடுவது 250 மைக்ரோஆம்பியர்! உங்கள் ஸ்ட்ரிப் எத்தனை வாட் என்று நீங்கள் எழுதவில்லை (எழுத வேண்டாமா?), மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகை என்றால் மீட்டருக்கு 14 வாட், மொத்தம் 70 வாட், 6 ஆம்பியர். திறந்த நிலையில் தடை 17.5 மில்லிஓம் என்று பெருமையாகப் போட்டிருப்பதெல்லாம் கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான். 5 வோல்ட்டில் அது பாதி திறந்த நிலையில் நின்று சூடாகிறது.

வாங்க வேண்டியது ஐஆர்எல்இசட்44என். எஃப் இல்லை, எல். பில் போடுமுன் மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கேட்டில் இருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டுயினோ பூட் ஆகும் நேரத்தில் விளக்கு இஷ்டத்துக்கு மினுங்கும். 12 வோல்ட் லைனில் ஃபியூஸும் வேண்டும், கொலுவில் துணியும் காகிதமும் இருக்கிறது. இஎஸ்பி32 (வைஃபை உள்ள இன்னொரு போர்டு) வைத்திருப்பவர்களுக்கு 3.3 வோல்ட்தான் கிடைக்கும், இந்த எல் வகைக்கே அது உத்தரவாதம் இல்லை. ஏஓ3400 மாஸ்ஃபெட் பாருங்கள், 2.5 வோல்ட்டிலேயே திறக்கும். ஆனால் குட்டி சைஸ், ஒன்றுக்கு 2 ஆம்பியருக்கு மேல் கேட்காமல் ஸ்ட்ரிப்பைப் பிரித்துவிடுங்கள்.

கே: கோடு சரி, வயரிங் சரி, ஆனால் எரியவில்லை. ஏன்?

ப: படம் இல்லை, போர்டு பெயர் இல்லை, எத்தனை வோல்ட் என்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? அடாப்டரின் நெகட்டிவையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அடுத்த முறை கையால் வரைந்த படமாவது அனுப்புங்கள்.

கே: மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதில் இருந்து எண்ணும் மில்லிசெகண்ட் கணக்கு) 50 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடுமாமே?

ப: திரும்பும், பயமில்லை. அன்சைன்ட் லாங்கில் (மைனஸ் இல்லாத பெரிய முழு எண் வகை) வைத்து, இப்போதைய மதிப்பில் இருந்து பழையதைக் கழித்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாது. கூட்டி ஒப்பிடுபவர்களுக்குத்தான் சிக்கல்.

கே: ரிலே (மின்காந்த சுவிட்ச்) மாட்யூலில் ஹை கொடுத்தால் அணைகிறது, லோ கொடுத்தால் எரிகிறது. பழுதா?

ப: இல்லை, பல மாட்யூல்கள் ஆக்டிவ் லோ, லோ கொடுத்தால்தான் ஆன் ஆகும். செட்டப்பில் பின்மோடுக்கு (பின்னை அவுட்புட் ஆக்கும் வரிக்கு) முன்னாலேயே ஹை எழுதிவிடுங்கள், பவர் போட்டதும் ஒரு கணம் எரிவது நிற்கும். நீங்கள் 230 வோல்ட் பல்பைத்தான் இதில் மாட்டியிருக்கிறீர்கள் என்றால், அந்த வயர் பிரெட்போர்டு (வயர் செருகிச் சோதிக்கும் பலகை) பக்கமே வரக் கூடாது. ஃபியூஸ் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்து, மெயின்ஸ் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.