சிறு வயதில் போட்ட மூளைக் காய்ச்சல் ஊசி போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வரும் செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து செல்கிறான். மெனின்ஜைடிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சிறு வயதிலேயே மூளைக் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டோம், மறுபடியும் தேவையா? அவனுக்கு அடிக்கடி தலைவலியும் கழுத்துவலியும் வரும். இந்த ஊசி நரம்பைப் பாதிக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். முன்னெச்சரிக்கையாக அசித்ரோமைசின் மாத்திரை இரண்டு அட்டை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த நோய் வந்தால் ஒரே இரவில் உயிர் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?
வாசகி ஒருவர், கடலூர்

பதில்: கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்களை எழுத வைத்த கேள்வி என்று நினைக்கிறேன், ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். உண்மைதான். மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சி (மெனின்ஜைடிஸ்) அரிதான நோய். ஆனால் வந்துவிட்டால், காலையில் வகுப்புக்குப் போன பிள்ளை இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் அளவுக்கு வேகமானது. கிருமி மூளையின் உறைகளோடு நின்றுவிடாமல் பலருக்கு இரத்தத்திலும் பெருகுவதால்தான் இந்த வேகம். உரிய சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் சிலர் செவித்திறனை இழக்கின்றனர், சிலருக்கு விரல்களையோ கால்களையோ அகற்ற நேர்கிறது. அஞ்ச வேண்டிய நோய்க்குத்தான் அஞ்சியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுதான் தவறு.

சிறு வயதில் உங்கள் மகனுக்குப் போட்டது பெரும்பாலும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான ஊசியாக இருக்கும். உங்கள் மாவட்டத்தில் அந்நோய் வெகுகாலமாக அறியப்பட்டது. அது ஒரு வைரஸ். வயல்வெளிகளில் பெருகும் கொசுவால் பரவி மூளையையே தாக்குவது. இப்போது பல்கலைக்கழகம் கேட்பதோ மனிதரின் தொண்டையிலிருந்து மனிதரின் தொண்டைக்குச் செல்லும் பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி. இரண்டுக்கும் தமிழில் ‘மூளைக் காய்ச்சல்’ என்ற ஒரே பெயர் வழங்கி வருவதால், படித்த பெற்றோரும் இங்கே குழம்புவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். குழந்தைப் பருவத்தில் போட்ட, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் வேறொரு பாக்டீரியாவுக்கான ஹிப் ஊசியும் இதைத் தடுப்பவை அல்ல. நம் நாட்டின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் மெனிங்கோகாக்கஸ் ஊசி இல்லாததால், கேட்டுப் போட்டிருந்தாலன்றி உங்கள் மகனுக்கு அது கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

இருபது வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு இத்தனை வற்புறுத்தல் என்று தோன்றலாம். இக்கிருமியை எந்தத் தொல்லையும் இல்லாமல் மூக்கிலும் தொண்டையிலும் சுமந்து திரிபவர்கள் எல்லா வயதிலும் உண்டு என்றாலும், பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் அவர்கள் அதிகம். 1997 அக்டோபரில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தொண்டையைப் பரிசோதித்தபோது, முதல் நாளில் நூற்றுக்கு ஏழு பேரிடம் இருந்த கிருமி நான்காம் நாளில் நூற்றுக்கு இருபத்து மூன்று பேரிடம் காணப்பட்டது. நான்கே நாட்கள்! பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே விடுதியில் நெருங்கிப் பழகுவது, முத்தம், புகைப்பழக்கம், நெரிசலான மதுக்கூடங்கள் ஆகியவை இப்பரவலுக்கு உதவுகின்றன. சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே நோயாகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் வழியில்லை என்பதால்தான் எல்லோருக்கும் ஊசி.

போட வேண்டியது ஏ, சி, டபிள்யூ, ஒய் என்னும் நான்கு வகைக் கிருமிகளுக்கும் எதிரான ஊசி, ஒரே தவணை. பிரிட்டனில் டபிள்யூ வகை 2009 முதல் பெருகி வந்ததால், அங்குள்ள அரசு 2015 முதல் இதைப் பதின்பருவத்தினருக்கும் புதிதாகப் பல்கலைக்கழகம் சேர்வோருக்கும் வழங்கி வருகிறது. 25 வயது நிறையாத மாணவர்கள் அங்கேயே இலவசமாகப் போட்டுக்கொள்ள முடியும் என்றாலும், போய் இறங்கி, வீடு பார்த்து, மருத்துவரிடம் பதிவு செய்து முடிப்பதற்குள் மேற்சொன்ன நான்கு நாட்கள் கடந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் செலவானாலும், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது இங்கேயே போட்டு, தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

நரம்புப் பாதிப்பு பற்றிய வதந்திக்கு ஒரு பழைய வேர் உண்டு. 2005இல் அமெரிக்காவில் இவ்வகை ஊசிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்ட சிலருக்கு கியான்-பாரே என்னும், கை கால்களைத் தளரச் செய்யும் நரம்பு நோய் வந்ததாகச் செய்தி எழுந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அதற்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. காணொளி போடுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கை வலிக்கும், ஒருநாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்காக வந்து போகும் தலைவலிக்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கண் பரிசோதனை செய்துகொண்டு, மடிக்கணினியைச் சற்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் மகனுக்கு மட்டுமல்லாமல் அவனோடு அறையில் தங்கப் போகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். அந்த நான்கு வகை ஊசி, பி வகைக் கிருமியைத் தடுக்காது. இன்றைய இங்கிலாந்தில் இந்நோய் வருவோரில் பெரும்பாலோருக்குக் காரணம் அந்த பி வகைதான். எனவே ஊசி போட்டவனும் அறிகுறியை அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், கழுத்து விறைத்தல் ஆகியவை பாடப்புத்தகத்தில் உள்ளவை. ஆனால் தொடக்க மணி நேரங்களில் சாதாரணக் காய்ச்சல் போலவும், டபிள்யூ வகையில் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக உணவு ஒத்துக்கொள்ளாதது போலவும் இருந்து ஏமாற்றும். உடம்பு கொதிக்கும்போது கையும் காலும் சில்லிட்டிருப்பதும், நடக்க முடியாதபடி கால் வலிப்பதும் அந்தப் பாடப்புத்தக அறிகுறிகளுக்கு முன்பே வரக்கூடிய குறிகள். தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றினால், கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நம் மாநிறத் தோலில் அவை எளிதில் புலப்படாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருப்பது பெரும் பிழை. பலருக்கு அது தாமதமாக வரும், சிலருக்கு வரவே வராது.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: காய்ச்சலோடு படுத்தவர் மணிக்கு மணி மோசமாகி, கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொல்வது அல்லது எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது. அந்த நிலையை நோயாளியால் தானே உணர முடியாது. பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில் விடியற்காலையில் ஒரு விடுதி மாணவனைத் தூக்கி வந்தார்கள்; தலைவலி என்றதால் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, நன்றாகத் தூங்கட்டும் என்று அக்கறையோடு விட்டுச் சென்றிருந்தனர் அறைத்தோழர்கள். அவர்கள் பிழையாக ஏதும் செய்யவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பேசிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பெட்டியில் இருக்கும் அந்த இரண்டு அட்டைகளை எடுத்துவிடுங்கள். இந்நோயில் உயிரைக் காப்பது, மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியே உடனடியாகச் செலுத்தப்படும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்து. வாந்தி எடுப்பவரின் வயிற்றில் மாத்திரை தங்காது. தங்கினாலும், மருந்து எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ஓர் இரவைக் கடத்திவிடுவார்கள், அந்த ஓர் இரவுதான் அவர்களிடம் இருந்தது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத் தடுப்பாக மாத்திரை கொடுப்பது உண்டு. அது எந்த மருந்து, யாருக்கு என்பதை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர் முடிவு செய்து அவர்களே கொடுப்பார்கள்.

அங்கே நள்ளிரவாக இருக்கும்போது உங்களுக்கு விடிகாலை நாலரை அல்லது ஐந்தரை. காய்ச்சல் என்று மகன் தொலைபேசியில் சொன்னால், கஷாயம் குடித்துவிட்டுப் படு என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். சற்று நேரம் பேசுங்கள். பேச்சு குழறினாலோ, சொன்னதை மறந்தாலோ, அறைத்தோழரை அழைத்து 999 எண்ணில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ‘மெனின்ஜைடிஸாக இருக்குமோ’ என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அறைத்தோழரின் எண்ணை அதற்காக இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.