டூ ஸ்ட்ரோக் பைக்குக்குப் புது எக்ஸ்பான்ஷன் பைப் (நடுவில் பெருத்த புகைக்குழாய்) போட்டால் ஜெட்டையும் (கார்புரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகு) மாற்ற வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பாகம் பாகமாகத் தேடி 125 சிசி மண்பாதை பைக் கட்டுகிறீர்கள் என்றால், முழு வேகத்துக்கான மெயின் ஜெட்டும் இரண்டு மூன்று அளவுகளில் சேர்த்து வாங்குங்கள். பெரியதில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். பால்கோப்பி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை. அந்த வெளுப்பைக் கவனிக்காமல் நான் ஒரு பிஸ்டனையே உருக்கியிருக்கிறேன். பெற்றோலோடு கலந்துதான் எண்ணெயும் உள்ளே போகிறது, ஆகவே பெற்றோல் குறைந்தால் சூடு ஏறும், மசகும் குறையும்.

அப்புறம், கொழும்பில் சரியாக இருந்த ஜெட் சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். அங்கே காற்று மெலிது, அதற்குப் பெற்றோல் கூடிவிடும். ஒரு படி சின்னது போடுங்கள். கீழே இறங்குமுன் பழையதை மறக்காமல் மாட்டிவிடுங்கள்.