சாவியைக் கொடுத்தால் கடன் தீருமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்களுக்கு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வீடும் கடனும் என் பெயரிலும் மகன் பெயரிலும் உள்ளன. 2021இல் வட்டி குறைவு என்று வீவக கடனை வங்கிக்கு மாற்றினோம். மகனுக்கு வேலை போய் மூன்று தவணை நின்றுவிட்டது. இப்போது வங்கியின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பியிருக்கிறார். "சாவியைக் கொடுத்துவிடலாம்மா, அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள், நட்டம் வங்கிக்குத்தான்" என்கிறான். கடன் பாக்கி 310,000 வெள்ளி. நாங்கள் இருவரும் வீட்டுக்காக எடுத்துப் போட்ட மசேநிதி (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) வட்டியோடு 190,000. வீடு 480,000க்குப் போகும் என்கிறார்கள். என் நகையை அடகு வைத்துத் தவணை கட்டட்டுமா?
வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மகன் சொல்வது கலிஃபோர்னியா கதை அம்மா. அங்கே குடியிருக்க வீடு வாங்கியவர் கட்ட முடியாமல் போனால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம்; விற்ற பிறகு விழும் துண்டை அந்தக் கடனுக்காக அவரிடம் கேட்க முடியாது. 2008இல் அந்த நட்டம் வங்கி, கடன்பத்திரம் வாங்கியவர் என்று கைமாறிக் கடைசியில் வரி கட்டுபவர் வரை போனது.

சிங்கப்பூரில் அப்படி இல்லை. வீட்டை விற்றும் கடன் அடையாவிட்டால் மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள். அது 15,000 வெள்ளியை எட்டினால் நொடிப்பு வழக்கே போடலாம். கடன் இருவர் பெயரிலும் இருப்பதால் ஆளுக்குப் பாதி என்ற பேச்சும் எடுபடாது. முழுத்தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். வங்கியே 480,000க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வங்கி 310,000 எடுக்கும். தாமதக் கட்டணம், வழக்கறிஞர், முகவர் செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். பேச்சுக்கு 15,000 என்போம். மீதி 155,000 மசேநிதிக்குத் திரும்பும். அங்கிருந்து எடுத்ததற்காக வட்டியோடு திரும்பப் போக வேண்டியது 190,000. கையில் ஒரு காசு வராது. வங்கி ஒரு வெள்ளிகூட இழக்கவில்லை, பாருங்கள். குறைகிற 35,000 உங்கள் இருவரின் ஓய்வுக்காலப் பணம். வங்கி அவசரத்தில் 450,000க்குத் தள்ளிவிட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

அதனால் விற்பதானால் நீங்களே விற்றுவிடுங்கள். சந்தை விலைக்கு விற்றால், மசேநிதியில் விழும் குறையைக் கையிலிருந்து நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் இதற்கு நாள் பிடிக்கும். விற்கும் எண்ணத்தை வீவகவிடம் பதிந்து 7 நாள் கழித்துத்தான் வாங்குபவருக்கு ஆப்ஷன் (விற்கச் சம்மதித்து எழுதிக் கொடுக்கும் தாள்) கொடுக்க முடியும், அதற்கு 21 நாள் ஆயுள். வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகும் ஏறக்குறைய 8 வாரம். நான் வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். "விற்கப் போகிறேன்" என்ற பேச்சை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆப்ஷன் தாளைக் காட்டியவருக்கு அவகாசம் கொடுத்திருக்கிறோம்.

வீட்டை வைத்துக்கொள்ள வழியிருந்தால் முதலில் அதைப் பார்க்கலாம். வழக்கறிஞர் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். மகனை வங்கிக்கு அனுப்பி, சில மாதம் வட்டி மட்டும் கட்டலாமா, தவணைக்காலத்தை நீட்டலாமா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வீவக கடனுக்குத் திரும்பலாமா என்று கேட்டு அலைய வேண்டாம். ஒருமுறை வங்கிக்கு மாறினால் திரும்ப வழி கிடையாது (2021இல் இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்பது சந்தேகம்தான்). மசேநிதியின் வீட்டுப் பாதுகாப்புத் திட்டமும் இதற்கு உதவாது. அது இறப்புக்கும் நிரந்தர முடக்கம் போன்றவற்றுக்கும்தான், வேலை இழப்புக்கு இல்லை.

அப்புறம் நகை. அடகுக் கடையில் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், ஆண்டுக்கு 18. வீட்டுக் கடன் வட்டியைவிட அது பல மடங்கு. மகனுக்கு வேலை உறுதியாகிக் கடிதம் கையில் வந்து, முதல் சம்பளம் வரை ஒரு தவணை மட்டும்தான் இடிக்கிறது என்றால் வையுங்கள். இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.